அன்னி பெசன்ட் அம்மையாரும் அறமன்றங்களும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்திற்குத் தெற்கே, அலைகடலை அடுத்து அமைந்துள்ளது பெசன்ட் நகர். அட்டலட்சுமி கோயிலும், வேளாங்கண்ணி மாதா கோயிலும், எலியட்ஸ் கடற்கரையும் அப்பகுதிக்கு அணி செய்கின்றன. மாலைப்பொழுதில் அங்கே காற்று வாங்க வருவோர் பல்லாயிரவர். அந்நகருக்கு வடபால், ஆற்றின் கரையில், ஆலமரங்கள் தழைத்த பெருஞ்சோலை ஒன்று இருக்கிறது. அது பிரம்மஞான சபையின் தலைமையிடம். அச்சபைக்கு இருபத்தாறு ஆண்டுகள் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரையே பெசன்ட் நகர் தாங்கி நிற்கிறது.

அம்மையார் இந்திய நாட்டின் தன்னாட்சிக்காகப் போராடியவர். காங்கிரஸ் பேரவைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி. காசியில் கல்லூரி கண்டவர். இவற்றைப் பலரும் அறிவர். ஆனால், அவர் ஒருகால் இலண்டன் மாநகரத்து நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் என்பதையும், மேல்மன்றத்தில் முறையிட்டு அத்தண்டனையினின்றும் நீங்கியவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவருடைய வாழ்வில் நீதிமன்றங்களுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நீண்டது. வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அன்னி 1847ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் இலண்டனில் பிறந்தார். அவர்தம் குடும்பம் ஐரிஷ் இனத் தொடர்புடையது. ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோ என்னும் ஊரில் பள்ளி மாணவர்களுக்கு உணவும் உறையுளும் அளித்து, அவ்வருவாயால் குடும்பத்தைத் தாங்கினார். எலன் மேரியட் என்னும் அம்மையார் சிறுமி அன்னியைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு கல்வி புகட்டினார். எதையும் தானே ஆராய்ந்து தெளியவேண்டும் என்னும் பழக்கம் அப்பெருமாட்டியிடம் கற்றதே ஆகும். 1867ஆம் ஆண்டின் இறுதியில் அன்னி, பிராங் பெசன்ட் என்னும் கிறித்தவக் குருவை மணந்தார். டிக்பி என்னும் மகனும், மேபல் என்னும் மகளும் பிறந்தனர்.

1871ஆம் ஆண்டில் குழந்தைகள் இருவரும் கக்குவான் இருமலால் வருந்தினர். கைக்குழந்தையாகிய மேபல் பிழைப்பது அரிதாயிற்று. ஒரு பாவமும் அறியாத பச்சிளங் குழந்தை இவ்வாறு துன்புறுவதேன் என்ற ஐயம் தாயின் உள்ளத்தில் எழுந்தது. ஐயம் வளர்ந்தது, பழைய நம்பிக்கைகள் தளர்ந்தன. நம்பாத ஒன்றை நம்புவதாக நடிக்க அவர் உடன்படவில்லை. திருக்கோயில் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும், இன்றேல் இல்லத்தைவிட்டு நீங்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, நீங்குவதையே தேர்ந்தார். 1873ஆம் ஆண்டில் கணவனும் மனைவியும் உடன்படிக்கை எழுதிப் பிரிந்தனர். மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர்வது என்பது அவ்வுடன்படிக்கை. இதனை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இதனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டில் சார்லஸ் பிராட்லா என்னும் பெரியாரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. பிராட்லா பகுத்தறிவாளர், வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகப் பணிபுரிந்து சட்ட நுணுக்கங்களைத் தாமே கற்றவர். அவர் நடத்திய வார இதழில் அன்னி கட்டுரைகள் எழுதினார். மேடைகளிலும் பேசத் தொடங்கினார். பெண்கள் பொதுமேடை ஏறுவது அரிதாயிருந்த அக்காலத்தில், அவருடைய பேச்சைக் கேட்க மக்கள் திரண்டனர்.

இனி வழக்கிற்கு வருவோம். சார்லஸ் நோல்ட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1832ஆம் ஆண்டில் சிறுநூல் ஒன்று வெளியிட்டிருந்தார். அதன் பெயரைத் தமிழில் மெய்யியற் கனிகள் எனலாம். பிள்ளைப்பேற்றைப் பெற்றோர் தம் விருப்பப்படி வரையறுத்துக்கொள்ள இயலும் என்பதனை மருத்துவ நோக்கில் அந்நூல் விளக்கியது. இன்று அரசே குடும்ப நலத்துறை அமைத்து இச்செய்தியை ஊர்தோறும் பரப்புகிறது. அன்றோ அதனைப் பேசுவதே பெரும்பழியாகக் கருதப்பட்டது. நூலை எழுதிய மருத்துவரே தம் நாட்டில் சிறை புகுந்தார். எனினும் இங்கிலாந்தில் அந்நூல் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒருவர் தடையுமின்றி விற்பனையாயிற்று. 1876ஆம் ஆண்டின் முடிவில் பிரிஸ்டல் நகரத்துப் புத்தக வணிகர் ஒருவர் அதனை விற்றதற்காக ஈராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இலண்டனில் அதனை வெளியிட்டு வந்த பதிப்பாளரோ, வழக்குத் தொடரப்பட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தப்பினார்.

இதனைக் கண்டு பிராட்லாவும் அன்னியும் வருந்தினர். அந்நூலின் நடையையோ அமைப்பையோ அவர்கள் பெரிதும் மெச்சினார் அல்லர். ஆனால், ஒரு பொருளைப் பற்றி ஆராய்ந்து அமைதியாக எழுதிய நூலைக் குற்றமெனக் கூறி அடக்கினால், நாளை எந்நூலும் அடக்கப்படும் என்பது அவர்கள் கருத்து. ஒரு குடிலில் எட்டும் பத்துமாகக் குழந்தைகள் பசியால் வாடுவதை இலண்டனின் ஏழைத் தெருக்களில் அவர்கள் கண்டிருந்தனர். ஆகவே, தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி, மருத்துவக் குறிப்புகள் சேர்த்து, அந்நூலை மீண்டும் அச்சிட்டனர். விலை ஆறு பென்ஸ். இன்ன நாளில் இன்ன இடத்தில் நாங்களே விற்போம் என்று காவல் துறையினருக்கும் நீதிமன்ற அலுவலருக்கும் முன்னரே அறிவித்தனர். 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் கடை திறந்தவுடன் மக்கள் நெருக்கியடித்து வாங்கினர். ஒளித்து விற்றவரைப் பிடிப்பது காவலர்க்கு எளிது. அழைப்பு விடுத்துக் காத்திருப்போரைப் பிடிப்பது அவர்க்கே சற்று நாணமாக இருந்திருக்கும். ஏப்ரல் திங்களில் இருவரும் கைது செய்யப்பட்டனர்.

வழக்கு ஜூன் திங்கள் 18ஆம் நாள் தொடங்கியது. தலைமை நீதிபதி சர் அலெக்சாந்தர் காக்பர்ன் ஜூரர்களோடு அமர்ந்து கேட்டார். அரசின் சார்பில் வழக்கை நடத்தியவர் சொலிசிட்டர் ஜெனரல் சர் ஹார்டிங் கிபர்ட். எதிரிகள் இருவரும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவில்லை. தமக்குத் தாமே வாதாடினர். இங்கிலாந்தில் பெண்கள் வழக்கறிஞர் ஆவதற்கு 1919ஆம் ஆண்டில்தான் சட்டம் இடமளித்தது. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வயது முப்பதும் நிரம்பாத பெண்ணொருத்தி நாட்டின் தலைமை நீதிபதியின் முன் எழுந்து நின்றாள். அவர் பேச்சு ஒரு நாளில் முடியவில்லை, மறுநாளும் தொடர்ந்தது. மக்கட்பெருக்கம், கூலி, வீட்டு வசதி, குழந்தை இறப்பு ஆகியன பற்றிய அறிஞர் கருத்துகளையும் அரசாங்கக் கணக்குகளையும் எடுத்துக்காட்டினார். தமக்காக அன்றித் தாம் கண்ட ஏழைத் தாய்மார்களுக்காகவே மன்றத்தில் நிற்பதாக ஜூரர்களிடம் கூறினார். அவர் திறமையை நீதிபதியும் உணர்ந்து மதித்தார். இத்தகைய வழக்கைத் தொடுத்ததே அறிவுடைமை ஆகாது என்னும் கருத்தும் அவர்பால் வெளிப்பட்டது.

ஜூரர்கள் அளித்த முடிவு விந்தையானது. நூல் பொதுமக்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கக் கூடியது என்றனர். அதனை வெளியிட்ட இருவர்க்கும் தீய நோக்கம் இல்லை என்றும் அதனோடு சேர்த்துச் சொன்னார்கள். இம்முடிவைக் குற்றம் என்று கொள்வதா, குற்றமில்லை என்று கொள்வதா? சட்டப்படி இதனைக் குற்றத் தீர்ப்பாகவே கொள்ளவேண்டும் என்று நீதிபதி அறிவித்தார். ஜூன் 28ஆம் நாள் தண்டனை விதிக்கப்பட்டது. நூலை இனி விற்பதில்லை என்று பணிந்து வாக்களித்தால் இலேசாக விட்டுவிட நீதிபதி ஆயத்தமாக இருந்தார். இருவரும் பணியவில்லை, வழக்கு நடந்த நாள்களிலும் விற்பனை நடந்துகொண்டேயிருந்தது. ஆகவே ஆளுக்கு ஆறு திங்கள் சிறை, 200 பவுன் தண்டம், ஈராண்டுகள் நன்னடத்தைக்காக 500 பவுன் பிணை எனத் தீர்ப்பாயிற்று. மேல்மன்றத்தின் முடிவு தெரியும்வரை நூலை விற்பதில்லை என்று உறுதியளித்த பின்னரே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, இருவரும் வெளியே விடப்பட்டனர்.

மாணவர்களே, மேல்முறையீடு என்பது யாது என்பதனை இவ்விடத்தில் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். கீழ்மன்றம் அளித்த தீர்ப்பில் பிழையிருப்பதாகக் கருதுவோர், அதனை மீண்டும் ஆராயுமாறு மேல்மன்றத்தை வேண்டுவதே மேல்முறையீடு. மேல்மன்றத்தில் சாட்சிகள் மறுபடியும் கூண்டில் ஏறுவது வழக்கமன்று. கீழ்மன்றத்தில் எழுதப்பட்ட சாட்சியங்களையும் தீர்ப்பையும் முன்வைத்துக்கொண்டு, சட்டம் முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டதா, சான்றுகளிலிருந்து அம்முடிவு பிறக்குமா, தண்டனை குற்றத்திற்கு ஏற்ற அளவினதா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். பிழை கண்டால் தீர்ப்பைத் தள்ளலாம், தண்டனையைக் குறைக்கலாம், புதிதாக விசாரிக்குமாறு திருப்பியும் அனுப்பலாம். நம் நாட்டில் இவ்வுரிமையைக் குற்ற வழக்குகளுக்கு 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே வழங்கியது. 1908ஆம் ஆண்டில் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றம் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு விதித்த இரட்டை ஆயுள் தண்டனை, சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீட்டின் பயனாகவே குறைந்தது. தூக்குத் தண்டனையாயின், தண்டனை பெற்றவர் முறையிடாவிடினும் உயர்நீதிமன்றம் உறுதிசெய்த பின்னரே நிறைவேற்றலாம் என்பது நம் சட்டம்.

இங்கிலாந்திலோ நிலைமை வேறு. சட்டங்களின் தாயகம் என்று பெருமை பேசிய அந்நாட்டில், அக்காலத்தில் குற்றத் தீர்ப்பு ஒன்றைச் சான்றுகளின் அடிப்படையில் மேல்முறையீடு செய்ய வழியே இல்லை. ஜூரர் சொன்னால் சொன்னதுதான். வழக்கின் எழுத்துப் பதிவில் சட்டப்பிழை ஏதேனும் இருப்பின், அதனை மட்டும் மேல்மன்றத்திற்குக் காட்டலாம். அடால்ப் பெக் என்னும் நார்வே நாட்டவர் ஆள்மாறாட்டத்தால் 1896ஆம் ஆண்டிலும் 1904ஆம் ஆண்டிலும் இருமுறை தவறாகத் தண்டிக்கப்பட்டார். அவ்வநீதி நாட்டையே உலுக்கிய பிறகுதான், 1907ஆம் ஆண்டில் குற்ற வழக்குகளுக்கெனத் தனி மேல்முறையீட்டு மன்றம் அங்கே தோன்றியது. ஆள்வோரின் நாட்டில் இல்லாத உரிமை ஆளப்பட்டோரின் நாட்டில் முன்னரே இருந்தது என்பது எண்ணி வியத்தற்குரியது.

ஆகவே 1878ஆம் ஆண்டில் பிராட்லாவுக்கும் அன்னிக்கும் எஞ்சியிருந்தது குறுகிய வழி ஒன்றே. நூல் நல்லதா தீயதா என்று அவர்கள் மேல்மன்றத்தில் வாதாட இயலாது. பிராட்லா வேறொன்றைப் பற்றிக்கொண்டார். அவர்கள் மேல் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையில் நூலின் பெயர் இருந்தது. அது ஆபாசமானது என்ற சொல் இருந்தது. ஆனால் அந்நூலின் எந்தச் சொற்கள், எந்த வரிகள் ஆபாசமானவை என்று ஓரிடத்திலும் காட்டப்படவில்லை. சொல்லாலாகிய குற்றத்திற்கு அச்சொற்களையே குற்றப்பத்திரிகையில் எழுதவேண்டும் என்பது பழைய விதி. இக்குறையை விசாரணை நடந்த மன்றத்திலேயே அவர் எடுத்துக்காட்டினார். அன்று அது செல்லவில்லை. பிராம்வெல், பிரெட், காட்டன் என்னும் மூன்று நீதிபதிகள் அமர்ந்த மேல்மன்றம் பிப்ரவரித் திங்களில் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. தீர்ப்புத் தள்ளுபடி ஆயிற்று. சிறையும் தண்டமும் நீங்கின. காவலர்கள் பறித்துச் சென்ற படிகளைப் பிராட்லா திரும்பப் பெற்று, காவலரிடமிருந்து மீட்டவை என்ற முத்திரையைப் பொறித்து விற்பனை செய்தார்!

இது வெறும் எழுத்துப் பிழையைச் சாக்காகக் கொண்ட தப்பித்தல் என்று அன்றும் சிலர் இகழ்ந்தனர். இகழ்ச்சி பொருந்தாது. நீ திருடினாய் என்று மட்டும் கூறி, எதை, எப்பொழுது, எவரிடமிருந்து என்று கூறாவிட்டால், குற்றஞ் சாட்டப்பட்டவன் எதனை மறுப்பான்? எந்த நாளில் தான் வேறிடத்தில் இருந்ததாகச் சான்று காட்டுவான்? ஒரு நூல் முழுவதையும் காட்டித் தீயது என்றால், எந்த வரிக்கு விளக்கம் சொல்வது? எதிரிக்குத் தன் குற்றம் இன்னதென்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது எழுத்தைப் பற்றிய விதியன்று. நீதியைப் பற்றிய விதியே.

ஆனால், இவ்வெற்றிக்கு ஓர் எல்லை இருந்ததையும் மறைத்தல் ஆகாது. நூல் குற்றமுடையதா என்ற வினாவிற்கு மேல்மன்றம் விடை கூறவில்லை. அவ்வினா விடையின்றி நின்றமையால், அதே 1878ஆம் ஆண்டில் எட்வர்டு ட்ரூலவ் என்னும் முதிய புத்தக வணிகர், இதனையொத்த வேறொரு நூலை விற்றதற்காக நான்கு திங்கள் சிறையில் வாடினார். அன்னியும் அமெரிக்கரின் நூலை விடுத்து, அப்பொருள் பற்றித் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் பிரம்மஞானக் கொள்கையைத் தழுவியபோது அந்நூலின் விற்பனையைத் தாமே நிறுத்திக்கொண்டார் என்பதும் இங்கே கூறத்தக்கது.

தண்டனை நீங்கி இரண்டு திங்கள்தாம் கழிந்திருக்கும். மேல்மன்றத்தால் தீர்க்க முடியாத இடி ஒன்று அன்னியின் தலைமேல் விழுந்தது. மேபலைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிராங் பெசன்ட் வழக்குத் தொடுத்தார். கடவுள் நம்பிக்கையற்றவள், பழிக்கத்தக்க நூலை வெளியிட்டவள், இத்தகையாளிடம் பெண்குழந்தை வளரலாகாது என்பது அவர் கூற்று. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் முன் அன்னி மீண்டும் தாமே வாதாட வந்தார். பெண்ணொருத்தி நேரில் வழக்காட வந்ததே அந்நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. 1873ஆம் ஆண்டின் உடன்படிக்கை பயன்படவில்லை. குற்றத் தீர்ப்புத் தள்ளுபடியானதும் பயன்படவில்லை. சட்டத்தின் ஏட்டில் குற்றமற்றவரான அத்தாய், நூலை வெளியிட்டவர் என்ற காரணத்தாலேயே தம் குழந்தையை இழந்தார். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் தேறிவந்த சிறுமியை, அவள் கதறியழ, தந்தையின் ஆட்கள் கொண்டு சென்றனர். அன்னி பல நாள் நோயில் வீழ்ந்து கிடந்தார்.

அவர் விடவில்லை. மேல்முறையீடு செய்தார். 1879ஆம் ஆண்டில் மேல்மன்றம் கீழ்மன்றத்தின் தீர்ப்பை உறுதிசெய்தது. குழந்தைகளைச் சென்று காணும் உரிமை மட்டுமே கிடைத்தது. சந்திப்பும் பிரிவும் மாறிமாறி வந்தால் குழந்தைகளின் நெஞ்சு புண்படும் என்று கருதி, அவ்வுரிமையையும் அவர் பயன்படுத்தாமல் ஒதுங்கிக்கொண்டார். மகனும் மகளும் வளர்ந்து பெரியவரானபின் தாமே விரும்பித் தாயை நாடி வந்தனர். இதைவிட நல்ல தீர்ப்பை எம்மன்றம் அளித்திருக்க முடியும்?

1888ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்திற்கு அவர் துணை நின்றார். இலண்டன் பள்ளிக் குழுவிற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுஆண்டில் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தூத்துக்குடித் துறையில் வந்திறங்கி, இந்தியாவையே தம் தாயகமாகக் கொண்டார். காசியில் மத்திய இந்துக் கல்லூரியை 1898ஆம் ஆண்டில் நிறுவினார். 1907ஆம் ஆண்டில் சபையின் தலைவராகி அடையாற்றில் வாழலானார்.

அடையாற்றிலும் வழக்கு அவரைத் தொடர்ந்தது. சபையின் வளாகத்தில் வாழ்ந்த ஜிட்டு நாராயணய்யா என்பவர், தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தம் இருவரையும் வளர்க்கும் பொறுப்பை 1910ஆம் ஆண்டில் அம்மையாரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்திருந்தார். அம்மையார் அவர்களைக் கல்வியின் பொருட்டு இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். பின்னர் மனம் மாறிய தந்தை, மக்களைத் திரும்பத் தருமாறு 1912ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. தந்தையின் பக்கம் வாதாடியவர் இளம் வழக்கறிஞர் சி. பி. இராமசாமி ஐயர், எதிரில் நின்று தமக்குத் தாமே வாதாடியவர் அறுபத்தைந்து வயது நிரம்பிய அம்மையார். இது குற்ற வழக்கன்று. எனினும் அவருக்கு இதன் வேதனை குற்ற வழக்கினும் கடிது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையின் வழக்கால் தம் மகளை இழந்தவர், இப்போது மற்றொரு தந்தை தம் மக்களைக் கேட்கும் வழக்கில் எதிரியாக நின்றார். தந்தையின் ஏக்கமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

1913ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தந்தைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். உயர்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வும் அதனையே உறுதிசெய்தது. அம்மையார் இலண்டனிலிருந்த பிரிவி கௌன்சிலுக்கு முறையிட்டார். அந்நாளில் இந்திய வழக்குகளுக்கெல்லாம் இறுதி மன்றம் அதுவே. 1914ஆம் ஆண்டு மே திங்களில் அம்மன்றம் தீர்ப்பை மாற்றிற்று. சிறுவர்கள் இங்கிலாந்தில் வாழ்கையில் செங்கற்பட்டு மன்றத்திற்கு அவ்வழக்கை ஏற்கும் அதிகாரம் இல்லை என்றும், யாருடைய வாழ்வைப் பற்றிய வழக்கோ அச்சிறுவர்களையே கேளாது முடிவு செய்தது முறையன்று என்றும் கூறிற்று. இங்கும் அம்மையார் நல்லவரா, அவர் கொள்கை சரியா என்பது வினாவாகவில்லை. உரிய மன்றம் உரிய முறையில் உரியவரைக் கேட்டதா என்பதே வினா. எதிர்த்து வாதாடிய சி. பி. இராமசாமி ஐயர் பின்னர் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் அவருக்கு வலக்கை போல் விளங்கினார் என்பது வழக்குமன்றப் பகைமை வாழ்க்கைப் பகைமை ஆகவேண்டியதில்லை என்பதற்கு நல்ல சான்று.

அதே ஆண்டில் அம்மையார் சென்னையில் நாளிதழ் ஒன்றை விலைக்கு வாங்கி, நியூ இந்தியா எனப் பெயரிட்டு நடத்தத் தொடங்கினார். இந்தியர்க்குத் தன்னாட்சி வேண்டும் என்று அவ்விதழ் நாள்தோறும் முழங்கிற்று. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டுமாறு 1916ஆம் ஆண்டு மே திங்களில் ஆணை பிறந்தது. ஆகஸ்டில் அத்தொகையை அரசாங்கம் பறிமுதல் செய்தது. இதழ் தொடரவேண்டுமாயின் 10,000 ரூபாய் புதுப் பிணை என்றது. அம்மையார் அதனையும் கட்டி, இதழைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே உயர்நீதிமன்றத்தை அணுகினார். அப்துர் ரகீம், எய்லிங், சேஷகிரி ஐயர் ஆகிய மூவரும் அமர்ந்து கேட்ட அவ்வழக்கில் அம்மையார் தோற்றார். பிரிவி கௌன்சிலும் 1919ஆம் ஆண்டில் அவர் முறையீட்டைத் தள்ளியது.

ஏன் தோற்றார்? 1878இல் சட்டம் எதிரிக்குத் துணையாக ஒரு விதியை வைத்திருந்தது. இச்சட்டமோ அத்தகைய கதவுகளை அடைத்தே இயற்றப்பட்டிருந்தது. எச்சொற்கள் தண்டிக்கத்தக்கவை என்பதனை மிக விரிவாக வகுத்துவிட்டு, நீதிமன்றங்கள் தலையிடும் எல்லையை மிகக் குறுக்கியிருந்தது. ஏறுவதற்கு ஏணி இருந்தும், எட்டிப் பிடிக்கப் படிகள் இல்லை. அச்சட்டம் 1922ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பிரிவி கௌன்சிலுக்கு முறையிடும் வழக்கமும் 1949ஆம் ஆண்டில் முடிவுற்றது. 1950ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதுதில்லியில் உச்சநீதிமன்றம் அவ்விடத்தில் அமர்ந்தது.

இவ்வழக்கு பிரிவி கௌன்சிலில் முடிவதற்கு முன்னரே, வேறொரு சோதனையும் அம்மையாருக்கு வந்தது. 1917ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அரசாங்கம் அவரையும், அவருடைய துணைவர்களாகிய ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா இருவரையும் காவலில் வைத்தது. உதகமண்டலத்து இல்லம் ஒன்றில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். மலைக்காற்றும் பூந்தோட்டமும் இருந்தன என்றாலும் அது சிறையே. உண்மையில் சிறையினும் ஒருவகையில் கொடிது. சிறை புகுவோனுக்குக் குற்றப்பத்திரிகை உண்டு, விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு, தீர்ப்பு இருப்பதால் மேல்முறையீடும் உண்டு. இங்கே போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஆணை ஒன்றே இருந்தது. குற்றம் இன்னதென்று கூறாத ஆணையின் மேல் எவரிடம் சென்று எதனை முறையிடுவது? இலண்டனில் மூன்று நீதிபதிகளை இசையவைத்த வாதத்திறன் உதகையில் பயனற்றுப் போயிற்று.

மன்றம் இல்லாத இடத்தில் மக்களே மன்றமாயினர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்து ஓய்வுபெற்ற முதியவர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க நாட்டுத் தலைவர் வில்சனுக்கு முறையீட்டுக் கடிதம் எழுதினார். அதன்பொருட்டு ஆட்சியினர் சினந்தபோது தம் பட்டங்களைத் துறந்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் முறையீடுகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தவர் தாமே முறையிடுபவராக மாறினார். நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. அதுவரை விலகியிருந்த தலைவர் பலர் தன்னாட்சி இயக்கத்தில் சேர்ந்தனர். செப்டம்பர்த் திங்களில் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் பேரவை அவரைத் தலைவராக அமர்த்திற்று.

பின்னாளில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அம்மையார் ஏற்கவில்லை. சட்டத்தை மீறுவது தொடங்கினால் அது நிற்குமிடம் தெரியாது என்று அஞ்சினார். சட்டத்தோடு போராடியும், சட்டத்தின் துணையையே நாடியும் நாற்பதாண்டுகள் கழித்தவர்க்கு அவ்வச்சம் இயல்பே. ஆயினும் நாடு அவரைவிட்டு முன்னே சென்றுவிட்டது. கூட்டங்களில் அவர் பேச்சைக் கேட்போர் தொகை குறைந்தது. இந்தியாவிற்கான ஆட்சிச் சட்ட வரைவு ஒன்றை இந்தியர் பலருடன் சேர்ந்து உருவாக்கி, 1925ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முன் வைக்கச் செய்தார். அது நிறைவேறவில்லை.

1933ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் அம்மையார் அடையாற்றில் மறைந்தார். சபையின் சோலையிலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.